1,300 ரூபாயும் 16,000 ரூபாயும்: பெஹாலாவிலிருந்து வாடகையின் வரலாறு

சென்ற வாரம் ஆய்வு மாணவர் ஒருவர் என்னிடம் ஓர் ஐயத்தோடு வந்தார். அவருடைய பெற்றோர் ஓய்வூதியப் பணத்தில் பெஹாலாவில் ஓர் அடுக்ககக் குடியிருப்பை வாங்கி வாடகைக்கு விட எண்ணுகிறார்கள். தரகர் இரண்டைக் காட்டியிருக்கிறார். ஒன்று பழைய கட்டடத்தில் உள்ளது; விலை குறைவு, உடனே வாடகைக்குப் போகும். மற்றொன்று மெட்ரோ நிலையத்திற்கு அருகில் எழும் புதிய கட்டடத்தில் உள்ளது. விலை மிகுதி, வாடகை விலைக்கு ஈடாகாது, ஆனால் மதிப்பு உயரும் என்பது உறுதிமொழி. மாதந்தோறும் வரும் பணத்தைப் பார்ப்பதா, பின்னாளில் உயரப்போகும் மதிப்பைப் பார்ப்பதா என்று கேட்டார்.

நான் நிதி ஆலோசகன் அல்லன். நிலவுரிமையின் வரலாற்றைப் படிப்பவன். எனினும் இக்கேள்வி வரலாற்றுக்கு அயலானதன்று. நான் குடியிருக்கும் பெஹாலாவின் பரிஷா பகுதியில் ஆட்சாலா என்னும் பழைய மண்டபத்தின் தூண்கள் இன்றும் நிற்கின்றன. சாபர்ண ராய் சௌத்ரி குடும்பத்தின் துர்க்கை பூசை 1610 முதல் அங்கே நடைபெறுவதாகச் சொல்வர். கல்கத்தா நகரத்தின் முதல் பெரிய வாடகைப் பேரம் அந்த மண்டபத்தில்தான் கையெழுத்தானது என்பது அக்குடும்பத்தின் மரபு.

1698இல் விற்கப்பட்டது எது?

1698 நவம்பர் 10 அன்று சுதானுட்டி, கோவிந்தபூர், கலிகத்தா என்னும் மூன்று ஊர்களை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி இக்குடும்பத்திடமிருந்து 1,300 ரூபாய்க்குப் பெற்றது. "கல்கத்தாவை 1,300 ரூபாய்க்கு விற்றுவிட்டார்கள்" என்று பள்ளிப் பாடத்திலிருந்து சுற்றுலா வழிகாட்டி வரை எல்லோரும் சொல்வது இதைத்தான். ஆனால் அன்று கைமாறியது நிலத்தின் முழுவுடைமையன்று; குடிகளிடமிருந்து வாரம் வசூலிக்கும் உரிமை. அவ்வுரிமையைப் பெற்றவர் முகலாயக் கருவூலத்திற்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,195 ரூபாய் செலுத்த வேண்டும். குடிகளிடம் பிகாவுக்கு மூன்று ரூபாய்க்கு மேல் வாங்கலாகாது. வரவுக்கும் செலவுக்கும் இடைப்பட்ட மிச்சமே வாங்கியவருக்கு உரியது. இன்றைய சொல்லில் கூறினால், 1,300 ரூபாய் என்பது நிகர வாடகை வருவாய்க்குக் கொடுத்த விலை.

கம்பெனி செலவிட்டது 1,300 மட்டுமன்று. உரிமையை வாங்குவதற்கான இசைவைப் பெற, வங்காளத்தின் சுபேதாராகிய இளவரசர் அசீம்-உஸ்-ஷானுக்கு 16,000 ரூபாய் கொடுத்தது. இரண்டு தொகைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அன்றைய வருவாய்க்கு 1,300; அந்த இடத்தில் வேரூன்றுவதற்கான அனுமதிக்கு 16,000. 1706ஆம் ஆண்டு அளவையின்படி அவ்வூர்களின் பரப்பு ஏறத்தாழ 5,000 பிகா. அதில் பெரும்பகுதி வயலும் காடும் வெற்றிடமுமாய்க் கிடந்தது. குடி ஏற ஏற வாரம் பெருகும். கருவூலத்திற்குக் கட்டும் தொகையோ அவ்வாறு பெருகாது. எதிர்பார்ப்பின் விலை நிகழ்காலத்தின் விலையைப்போல் பன்னிரு மடங்காக இருந்தது என்பது என் வாசிப்பு. அந்தப் பணத்தில் பாதுகாப்புக்கும் அரசியல் நல்லுறவுக்கும் கொடுத்த பங்கும் அடங்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் பாதுகாப்பும் நல்லுறவும் இல்லாமல் நிலத்தின் மதிப்பு என்றும் உயர்ந்ததில்லை.

சென்னையிலும் இதே ஏற்பாட்டைக் காணலாம். 1672இல் கோல்கொண்டா அரசின் அதிகாரி நெக்னாம் கானுடன் செய்துகொண்ட உடன்படிக்கையில், சென்னைப்பட்டினத்திற்காகக் கம்பெனி கட்ட வேண்டிய ஆண்டுத் தொகை 1,200 வராகன் என்று உறுதிசெய்யப்பட்டது. ஊர் வளர்ந்தது, தொகை வளரவில்லை. மாறாத தொகையைக் கொடுத்து, மாறும் தொகையை வாங்குபவரிடமே வளர்ச்சியின் பலன் சேரும். நம் கேள்வியின் அடிப்படை இதில் அடங்கியிருக்கிறது.

பின்னறிவின் மயக்கம்

இந்தக் கதையைக் கேட்டவுடன், மதிப்புயர்வை நம்பியவரே வென்றார் என்று முடிவு கட்டத் தோன்றும். அங்கேதான் வரலாற்று மாணவர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சுதானுட்டியை நாம் நினைவில் வைத்திருப்பது அது நகரமானதால். இதே ஹூக்ளி ஆற்றுப் பரப்பில் சப்தகிராமம் என்னும் துறைமுகம் ஒருகாலத்தில் வங்காளத்தின் வணிகத் தலைமையிடமாக விளங்கியது. சரஸ்வதி ஆறு தூர்ந்ததும் அது நலிந்தது. ஒரு தலைமுறைக்கு முன் அங்கே வருங்காலத்தை எண்ணி நிலம் வாங்கியவரின் கணக்கு எந்த நூலிலும் இல்லை. தோற்ற இடங்கள் ஆவணங்களில் குறைவாகவே பேசும். "இருபது ஆண்டுகளுக்கு முன் இங்கே வாங்கியவன் இன்று கோடீசுவரன்" என்று தரகர் சொல்லும்போது, அவர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. வென்ற இடத்தில் நின்றுகொண்டு பேசுகிறார், அவ்வளவே.

வென்ற கல்கத்தாவிற்கும் ஒரு தேதி வந்தது. 1911 டிசம்பர் 12 அன்று தலைநகர் தில்லிக்கு மாறும் என்ற அறிவிப்பு தில்லி தர்பாரில் வெளியானது. நகரின் எந்த வீட்டுக்காரரும் அந்த முடிவைக் கணக்கில் எழுதி வைத்திருக்க முடியாது.

வருவாயை உறுதியாக்கி, வளர்ச்சியை விட்டவர்கள்

1793இல் கார்ன்வாலிஸ் கொண்டுவந்த நிலையான நிலவரித் திட்டத்தின்படி, வங்காள ஜமீன்தார்கள் வசூலில் பதினொன்றில் பத்துப் பங்கு என்று கணக்கிட்ட ஒரு தொகையை அரசுக்குக் கட்ட வேண்டும். அத்தொகை என்றென்றும் மாறாது. குறித்த நாளில் கதிரவன் மறைவதற்குள் கட்டாவிட்டால் நிலம் ஏலத்திற்குப் போகும். நிலத்தின் வருங்கால வளர்ச்சி முழுவதும் ஜமீன்தாருக்கு. ஆனால் அந்த வருங்காலம் வரும்வரை தவணை தவறாமல் கட்டும் கைப்பணம் வேண்டும். முதற்சில பத்தாண்டுகளில் பல பழைய குடும்பங்கள் நிலத்தை ஏலத்தில் இழந்தன. நிலம் மோசமானதால் இழந்தார்கள் என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் வரவு வரும் நாளும் தவணை கட்டும் நாளும் பொருந்தாததே காரணம். மாதத் தவணை கட்டும் இன்றைய கடன்காரருக்கு இது புரியாத செய்தியன்று.

இந்நெருக்கடிக்குப் பர்த்வான் அரசகுடும்பம் கண்ட வழி பத்தனி என்பது. நிலத்தைத் துண்டுகளாக்கி, முன்பணம் பெற்றுக்கொண்டு, மாறாத ஆண்டுத் தொகைக்கு நிரந்தரமாகப் பிறர் கையில் விட்டார்கள். 1819ஆம் ஆண்டின் எட்டாம் ஒழுங்குவிதி இதற்குச் சட்ட ஏற்பளித்தது. பர்த்வான் குடும்பம் உறுதியான வருவாயைத் தேர்ந்தது. வளர்ச்சியைப் பத்தனிதாரரிடம் விட்டது. இதனை அறியாமை என்று சொல்வது எளிது. ஆனால் வளர்ச்சிக்குக் காத்திருந்த பலர் ஏலத்தில் மறைந்தபோது, பர்த்வான் குடும்பம் இருபதாம் நூற்றாண்டு வரை நிலைத்தது.

பின்னர் 1953ஆம் ஆண்டு மேற்கு வங்க எஸ்டேட் கையகச் சட்டம் இடைநிலை உரிமைகள் அனைத்தையும் எடுத்துக்கொண்டது. இழப்பீடு நிகர வருமானத்தின் மடங்குகளாகக் கணக்கிடப்பட்டது. வருமானம் பெருகப் பெருக மடங்கு குறைந்தது. அரசு நிலத்தை எடுக்கும்போது எந்த அளவுகோலைக் கையில் எடுக்கும் என்பதை உடைமையாளர் முடிவு செய்வதில்லை.

கடன் கொடுத்தவர் நிலக்கிழாரான கதை

தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான சான்று ஒன்று உண்டு. கீழைப் பர்மாவில் நாட்டுக்கோட்டை நகரத்தார் செய்தது அடிப்படையில் வட்டித் தொழில். அதாவது பணவோட்டத் தொழில். நிலம் அவர்களுக்கு ஈடு மட்டுமே. 1930இல் முதன்மையான 13 நெல் மாவட்டங்களின் விளைநிலத்தில் அவர்கள் கையிலிருந்தது ஏறத்தாழ 6 விழுக்காடு. பெருமந்தத்தில் நெல்விலை சரிந்தது. உழவர்களால் கடனைத் திருப்ப இயலவில்லை. ஈடாக இருந்த நிலம் கைக்கு வந்தது. 1930களின் பிற்பகுதியில் அப்பங்கு 25 விழுக்காடாயிற்று.

காகிதக் கணக்கில் அது பெருஞ்செல்வம். ஆனால் விற்க வாங்குபவர் இல்லை. எடுத்துக்கொண்டு ஊர் திரும்பவும் முடியாது. அந்நாட்டு மக்களின் கசப்பும் அந்நிலத்தோடு சேர்ந்தே வந்தது. 1942இல் ஜப்பானியர் நுழைந்தபோது பெருந்திரளான இந்தியர் வெளியேறினர். 1948இல் நில நாட்டுடைமைச் சட்டம் வந்தது. தொழிலைப் பணவோட்டத்தில் நடத்தியவர்கள், தாம் விரும்பாமலே மதிப்புயர்வை நம்பும் நிலைக்குத் தள்ளப்பட்டு, அதில் இழந்தார்கள். பங்களாக்களின் மதிப்பையும் ஏக்கர்களின் எண்ணிக்கையையும் மட்டும் பார்த்து அக்காலத்தை வியப்பவர்கள் இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

வாடகை உறைந்த நகரம்

கல்கத்தாவில் குடிக்கூலியைச் சட்டத்தால் கட்டுப்படுத்துவது முதல் உலகப் போரை அடுத்துத் தொடங்கியது. 1920இல் கல்கத்தா வாடகைச் சட்டம் தற்காலிக ஏற்பாடாக வந்தது. இரண்டாம் போர்க்காலத்தில் மீண்டும் கட்டுப்பாடு வந்தது. பிரிவினைக்குப் பின் அகதிகள் பெருந்திரளாக வந்த நகரில் 1948, 1950, 1956 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் அதனைத் தொடர்ந்தன. குடியிருந்தவர்களுக்கு இவை உயிர்க்காப்பு. கிழக்கு வங்கத்திலிருந்து கையில் ஒன்றுமின்றி வந்த ஒரு குடும்பம் சந்தை விலையில் வாடகை கொடுத்திருக்க முடியாது.

வீட்டுக்காரர் பக்கம் நேர்ந்தது வேறு. பழைய வாடகை பெயரளவுக்குத் தேய்ந்தது. குடியிருப்பவரை எழுப்ப முடியாது. ஆகவே கூரை ஒழுகினாலும் செப்பனிட எவருக்கும் மனமில்லை. அடியிலிருந்த மண்ணின் விலையோ ஏறிக்கொண்டேயிருந்தது. வருவாய் செத்து மதிப்பு மட்டும் வாழும் சொத்து இப்படித்தான் உருவாகிறது. அந்த மதிப்பையும் உடைமையாளர் தனியாக எடுக்க முடியவில்லை. குடியிருப்பவர், இடைத்தரகர், கட்டுமானத் தொழிலர் எல்லோருக்கும் பங்கு கொடுத்தே எடுக்க முடிந்தது. பொருளியல் ஏடுகளில் தனித்தனி நெடுவரிசைகளாகத் தோன்றும் வருவாயும் மதிப்புயர்வும் ஒரே உரிமையின் இரு முகங்கள் என்பதைக் கல்கத்தாவின் பழைய வீடுகள் காட்டுகின்றன.

பஸ்தி எனப்படும் குடிசைப்பகுதிகள் இதன் மறுபக்கம். அங்கே மூன்று அடுக்குகள் இருந்தன: மண்ணுக்கு உரியவர், அம்மண்ணை வாடகைக்கு எடுத்துக் குடிசை கட்டிய டிக்கா குத்தகையாளர், அக்குடிசையில் குடியிருப்பவர். மதிப்புயர்வு முதலாமவருக்கு, மாத வருவாயின் பெரும்பகுதி இரண்டாமவருக்கு. 1981ஆம் ஆண்டின் சட்டம் அம்மண்ணை அரசின் உடைமையாக்கியது; டிக்கா குத்தகையாளர் அரசின்கீழ் நேரடிக் குத்தகையாளர் ஆனார். மதிப்புயர்வுக்குக் காத்திருந்தவர் மண்ணை இழந்தார். வருவாயை வைத்திருந்தவர் இடத்தில் நீடித்தார்.

1997ஆம் ஆண்டின் மேற்கு வங்கக் குடியிருப்பு வாடகைச் சட்டம் 2001இல் நடைமுறைக்கு வந்தது. கொல்கத்தா மாநகராட்சி எல்லையில் மாத வாடகை 6,500 ரூபாய்க்கு மேற்பட்ட குடியிருப்புகள் அதன் வரம்புக்கு வெளியே நிற்கின்றன. ஆகவே இன்று பெஹாலாவில் புதிதாக வாடகைக்கு விடுபவர் பழைய உறைவாடகையை அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் பழைய குடியிருப்பாளரோடு சேர்த்து வீடு வாங்குபவர், எந்தச் சட்டத்தின்கீழ் எந்த ஆண்டு முதல் அவர் அங்கே இருக்கிறார் என்பதை அறியாமல் ஒரு ரூபாயும் முன்பணம் கொடுக்கலாகாது.

மெட்ரோவுக்குக் காத்திருந்த பன்னிரண்டு ஆண்டுகள்

பெஹாலா நெடுங்காலம் மாநகராட்சிக்கு வெளியே, தெற்குப் புறநகர் நகராட்சியில் இருந்தது. 1984இல்தான் மாநகராட்சியோடு இணைந்தது. 1986இல் டிராம் தடம் ஜோகா வரை நீண்டது. தோட்டமும் குளமும் சூழ்ந்த ஒற்றைமாடி வீடுகள் கட்டுமானத் தொழிலர் கைக்குப் போய், நான்கு மாடி அடுக்ககங்களாக மாறின. மண்ணைக் கொடுத்தவருக்கு இரண்டு மூன்று குடியிருப்புகளும் கொஞ்சம் ரொக்கமும் கிடைத்தன. அவற்றில் ஒன்றில் அவர் குடியிருப்பார். மற்றதை வாடகைக்கு விடுவார். நான் குடியிருப்பதும் அத்தகைய ஒரு வீட்டில்தான்.

ஜோகாவிலிருந்து வரும் மெட்ரோ தடத்திற்கு 2010 செப்டம்பர் 22 அன்று குடியரசுத் தலைவர் பிரதிபா பாட்டீல் அடிக்கல் நாட்டினார். வேலைக்காக டயமண்ட் ஹார்பர் சாலையின் டிராம் நின்றது. சாலை நடுவே தூண்கள் எழுந்தன. 2018 செப்டம்பர் 4 அன்று மாஜேர்ஹாட் பாலம் இடிந்து விழுந்தது. பெஹாலாவை நகரோடு இணைத்த முதன்மை வழி அறுந்தது. புதிய பாலம் 2020 டிசம்பர் 3 அன்று திறக்கப்பட்டது. ஜோகாவிலிருந்து தாராதலா வரையிலான ஆறரைக் கிலோமீட்டர் மெட்ரோவில் பயணிகள் ஏறியது 2023 சனவரி 2 அன்று. மாஜேர்ஹாட் வரை அது நீண்டது 2024 மார்ச்சில்.

அடிக்கல்லைப் பார்த்து வாங்கியவர் முதல் வண்டியைப் பார்க்கப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குமேல் காத்திருந்தார். வாங்கும் விலையில் நாளைய மெட்ரோவும் ஏறியிருக்கும். குடியிருப்பவர் கொடுக்கும் வாடகையோ இன்று அலுவலகம் போய்ச்சேர ஆகும் நேரத்தைப் பொறுத்தது. பாலம் விழுந்த மறுநாள் மதிப்புயர்வின் வாக்குறுதி அப்படியே இருந்தது. குடியிருப்பவரின் காலைப்பொழுது அப்படியே இல்லை. விலை எதிர்காலத்தைப் பார்த்து ஏறுகிறது, வாடகை நிகழ்காலத்தைப் பார்த்து ஏறுகிறது என்பதால்தான் இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே அளவில் நகர்வதில்லை.

ஒரு கணக்கு

எடுத்துக்காட்டாக மட்டும் சில எண்களை வைத்துக்கொள்வோம். விலை 50 லட்சம். மாத வாடகை 12,500. ஆண்டு வாடகை 1,50,000. அதாவது விலையில் 3 விழுக்காடு. ஒரு மாதம் ஆளின்றிக் கிடப்பது, மாநகராட்சி வரி, பராமரிப்பு, பழுது ஆகியவற்றுக்கு 50,000 போனால் எஞ்சுவது ஒரு லட்சம்; 2 விழுக்காடு.

கைப்பணத்தில் வாங்குகிறார் என்க. வங்கி வைப்பு 7 விழுக்காடு தருமானால், விலையும் வாடகையும் ஆண்டுக்கு 5 விழுக்காடு உயர்ந்தால்தான் வைப்புக்கு ஈடாகும். 5 விழுக்காடு உயர்வில் 50 லட்சம் 12 ஆண்டுகளில் ஏறத்தாழ 90 லட்சமாகும். "40 லட்சம் லாபம்" என்று உறவினர் வியப்பர். வைப்புக் கணக்கோடு ஒப்பிட்டால் அது வெறும் சமநிலை. விலை 4 விழுக்காடு உயர்ந்து 80 லட்சம் ஆனால், வியப்பு குறையாது. ஆனால் அவர் தோற்றிருப்பார்.

கடனில் வாங்குகிறார் என்க. 40 லட்சத்தை 8.5 விழுக்காட்டில் 20 ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 34,700. ஆண்டுக்கு நான்கு லட்சத்துக்குமேல் போக, வருவது ஒரு லட்சம். மூன்று லட்சத்துக்குமேல் சம்பளத்திலிருந்து வர வேண்டும். சம்பளம் நிற்கும் மாதத்தில் அவர் நிலை 1793ஆம் ஆண்டு ஜமீன்தாரின் நிலையே. நிலத்தின் வருங்காலம் எவ்வளவு ஒளிமிக்கதாயினும் கதிரவன் மறைவதற்குள் கட்டியாக வேண்டும்.

நெடுங்காலத் தரவுகளும் இந்த நிதானத்தையே கற்பிக்கின்றன. ஆம்ஸ்டர்டாமின் ஹெரன்கிராக்ட் கால்வாய்க்கரை வீடுகளின் விலைகளைப் பீட் ஐக்ஹோல்ட்ஸ் 1628 முதல் 1973 வரை தொகுத்தார். பணவீக்கத்தைக் கழித்தால் ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டில் விலை இரு மடங்கு அளவே ஆயிற்று. வளர்ந்த 16 நாடுகளின் 1870 முதல் 2015 வரையிலான விளைவை ஆராய்ந்த ஜோர்டா, ஷூலாரிக், டெய்லர் குழுவினரின் ஆய்வில், வீட்டு முதலீட்டின் மொத்தப் பலன் பங்குகளுக்கு நிகராக, பணவீக்கம் நீக்கி ஆண்டுக்கு ஏறத்தாழ 7 விழுக்காடு என்று வந்தது. அதில் பெரும்பங்கு வாடகையிலிருந்து வந்தது. ஆனால் அந்நாடுகளின் வாடகை விகிதம் வேறு. இந்திய நகரங்களின் வாடகை விகிதம் வேறு. அந்த 7 விழுக்காட்டை இங்கே அப்படியே எடுத்தாள்வது பிழை.

மாணவருக்குச் சொன்னது

வருவாயா வளர்ச்சியா என்ற கேள்வியை வேறொரு கேள்வியாக மாற்றிக் கேட்குமாறு அவரிடம் சொன்னேன்: காத்திருக்கும் காலத்தின் செலவை யார் சுமப்பது? 1698இல் கம்பெனிக்குக் காத்திருக்கக் கப்பலும் முதலும் இருந்தன. பர்த்வானுக்கு இல்லை, ஆகவே அது உறுதியான வருவாயைத் தேர்ந்தது. நகரத்தார் காத்திருக்கும்படி தள்ளப்பட்டார்கள். ஓய்வுபெற்ற பெற்றோருக்கு மாதச் செலவு இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டு காத்திருக்கும் வயது இல்லை. அவர்களுக்கு வாடகை தரும் பழைய குடியிருப்பே பொருத்தம், பத்திரமும் கட்டடமும் உறுதியாக இருக்குமானால். முப்பது வயதில், கடனின்றி, விற்க அவசரமின்றி வாங்கும் ஒருவருக்கு விடை மாறலாம். அப்போதும் மதிப்புயர்வைக் கூடுதலாக வைக்க வேண்டும், அடித்தளமாக வைக்கலாகாது.

என் வீட்டுக்கார அம்மையார் கணவரை இழந்தவர். நானும் மாடியிலுள்ள மற்றொரு குடும்பமும் கொடுக்கும் வாடகையே அவருடைய மருந்துச் செலவு. வீட்டின் மதிப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பிள்ளைகள் தொலைபேசியில் சொல்லும்போதெல்லாம், "எனக்கு ஒன்றாம் தேதிதானே முக்கியம்" என்பார். இதை எழுதும் இன்று மாதக் கடைசி. இவ்வளவையும் எழுதிய நான் நாளை காலை அவருக்கு வாடகையைக் கொடுக்க வேண்டும்.